சவுத் டவுன்ஸ் வே

சவுத் டவுன்ஸ் வே என்பது இங்கிலாந்தின் தென்பகுதியில், ஹாம்ப்ஷயர் மாவட்டத்தின் வின்செஸ்டர் நகரையும் கிழக்கு சசெக்ஸ் மாவட்டத்தின் ஈஸ்ட்போர்ன் கடற்கரை நகரையும் இணைக்கும் நெடுந்தொலைவுப் பாதை ஆகும். ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை, சவுத் டவுன்ஸ் எனப்படும் சீமைச்சுண்ணாம்புக் குன்றுத் தொடரின் முகட்டை ஒட்டிச் செல்கின்றது. இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் தேசியப் பாதைகளுள் இதுவும் ஒன்று. நடப்போர், குதிரையில் செல்வோர், மிதிவண்டி ஓட்டுவோர் ஆகிய மூவகையினரும் தொடக்கம் முதல் முடிவு வரை பயன்படுத்தக் கூடியதாக இது அமைந்துள்ளது. கரடுமுரடான தரையில் ஓட்டுவதற்கென வடிவமைக்கப்பட்ட சரளைப்பாதை மிதிவண்டிகள் பரவலானபின், குன்றும் கடலும் சேர்ந்த நிலப்பரப்பில் அமைந்த பாதைகளுள் பலரும் நாடும் ஒன்றாக இது விளங்குகின்றது.

பெயர்

ஆங்கிலத்தில் 'டவுன்' என்னும் சொல் இன்று 'கீழே' என்ற பொருளில் வழங்கினாலும், இப்பெயரில் உள்ள சொல் அதன் பொருள் கொண்டதன்று. இது குன்று எனப் பொருள்படும் 'டூன்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே சவுத் டவுன்ஸ் என்பதற்குத் 'தென்குன்றுகள்' என்பதே பொருள். இதற்கு இணையாக வடக்கே அமைந்த தொடர் நார்த் டவுன்ஸ், அதாவது 'வடகுன்றுகள்' எனப்படுகின்றது.

புவியியல்

சவுத் டவுன்ஸ் குன்றுகள் சீமைச்சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. இப்பாறை கிரீத்தேசியக் காலத்தின் பிற்பகுதியில், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கும் 6.6 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், வெதுவெதுப்பான கடலின் அடியில் உருவானது. கண்ணுக்குப் புலப்படாத கடற்பாசி நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள் கடலடியில் படிந்து இறுகியதால் இது தோன்றியது. ஆல்ப்ஸ் மலைகளை உருவாக்கிய புவியோட்டு அசைவுகள் பின்னர் இப்படிவுகளை வளைத்து ஒரு பெருங்குவிமாடம் போல் உயர்த்தின. அக்குவிமாடத்தின் நடுப்பகுதி அரிக்கப்பட்டு மறைந்துவிட, எஞ்சிய இரு விளிம்புகளே இன்றைய வடகுன்றுகளும் தென்குன்றுகளும் ஆகும். இவற்றுக்கு இடைப்பட்ட நிலம் வீல்ட் எனப்படும்.

இதன் விளைவாகத் தென்குன்றுகளின் வடக்குப் பக்கம் செங்குத்தாகவும், தெற்குப் பக்கம் கடலை நோக்கி மெதுவாகச் சரிந்தும் காணப்படுகின்றது. பாதை பெரும்பாலும் வடக்கு விளிம்பை ஒட்டியே செல்வதால், ஒருபுறம் வீல்ட் சமவெளியும் மறுபுறம் ஆங்கிலக் கால்வாயும் தெரியும் இடங்கள் பல உள்ளன.

குன்றுகளின் உயரம் அதிகமன்று. பாதையின் மிக உயர்ந்த இடமான பட்ஸர் குன்று சுமார் 270 மீட்டர் உயரமே உடையது. ஆயினும் மியோன், அருண், அடூர், ஊஸ், குக்மியர் ஆகிய ஆறுகள் தொடரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு தெற்கு நோக்கி ஓடுகின்றன. ஒவ்வோர் ஆற்றுக்கும் கீழே இறங்கி மீண்டும் முகட்டுக்கு ஏற வேண்டியிருப்பதால், முழுப் பாதையிலும் ஏற வேண்டிய மொத்த உயரம் ஏறத்தாழ 4,000 மீட்டர் ஆகின்றது. குறைந்த உயரமுள்ள குன்றுகளாயினும் பயணம் கடினமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

வரலாறு

இம்முகட்டுப் பாதையின் பல பகுதிகள் மிகப் பழமையானவை. பள்ளத்தாக்குகள் அடர்ந்த காடும் சேறுமாக இருந்த காலத்தில், நீர் தேங்காத சுண்ணாம்பு முகடே நடமாட்டத்துக்கு ஏற்றதாக இருந்தது. வெண்கலக் காலத்து ஈமமேடுகளும் இரும்புக் காலத்துக் குன்றுக் கோட்டைகளும் பாதை நெடுகிலும் காணப்படுகின்றன. பிற்காலத்தில் ஆட்டு மந்தைகளைச் சந்தைக்கு ஓட்டிச் செல்வோரும் இவ்வழியைப் பயன்படுத்தினர்.

1949 ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள், நாட்டுப்புற அணுக்கச் சட்டம் நெடுந்தொலைவுப் பாதைகளை ஏற்படுத்த வழிசெய்தது. அதன்கீழ் 1963 இல் இப்பாதைக்கு ஒப்புதல் வழங்கப்பட்டு, 1972 ஜூலையில் முறையாகத் திறந்துவைக்கப்பட்டது. அவ்வகைப் பாதைகளுள் குதிரையில் செல்வோருக்கும் உரியதாக அமைக்கப்பட்ட முதற் பாதை இதுவே. தொடக்கத்தில் இது ஈஸ்ட்போர்ன் பகுதியிலிருந்து ஹாம்ப்ஷயர் எல்லையோரத்துப் பியூரிட்டன் சிற்றூர் வரை மட்டுமே இருந்தது. பின்னர் மேற்கே வின்செஸ்டர் வரை நீட்டிக்கப்பட்டது.

தென்குன்றுகளைத் தேசியப் பூங்காவாக அறிவிக்க வேண்டும் என்று 1947 இலேயே ஹாப்ஹவுஸ் குழு பரிந்துரைத்திருந்தது. அக்குழு பரிந்துரைத்த 12 இடங்களுள் கடைசியாகவே இது நிறைவேறியது. 2010 மார்ச் 31 அன்று சவுத் டவுன்ஸ் தேசியப் பூங்கா உருவாக்கப்பட்டது. 2011 ஏப்ரலில் அதன் ஆணையம் முழுப் பொறுப்பை ஏற்றது. பாதை ஏறத்தாழ முழுவதும் இப்பூங்காவினுள்ளேயே அமைந்துள்ளது.

மிதிவண்டியோட்டிகளின் உரிமை

இங்கிலாந்தில் பொதுவழிகள் சட்டப்படி வகைப்படுத்தப்பட்டுள்ளன. நடைபாதைகளில் நடப்பதற்கு மட்டுமே உரிமை உண்டு. குதிரைப் பாதைகளில் நடக்கவும் குதிரையில் செல்லவும் உரிமை உண்டு. 1968 ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, குதிரைப் பாதைகளில் மிதிவண்டி ஓட்டும் உரிமையையும் முதன்முறையாக வழங்கியது. இன்று சவுத் டவுன்ஸ் வேயில் மிதிவண்டிகள் செல்வது இச்சட்டத்தினாலேயே ஆகும்.

இவ்வுரிமைக்கு இரு வரம்புகள் உள்ளன. ஒன்று, மிதிவண்டியோட்டிகள் நடப்போருக்கும் குதிரையில் செல்வோருக்கும் வழிவிட வேண்டும். மற்றொன்று, குதிரைப் பாதையை மிதிவண்டிக்கு ஏற்றதாகச் செப்பனிட்டு வைக்கும் கடமை எவருக்கும் இல்லை. எனவே பாதையின் தரை மிதிவண்டி ஓட்டுவதற்கு ஏற்றதாக இல்லை என்பது மட்டும் சட்டப்படி குறைபாடு ஆகாது. மேலும், உரிய அனுமதியின்றிக் குதிரைப் பாதைகளில் மிதிவண்டிப் பந்தயம் நடத்துவது சட்டத்துக்குப் புறம்பானது.

இங்கிலாந்தின் பொதுவழிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே மிதிவண்டிகளுக்குத் திறந்துள்ளது. எஞ்சியவை நடைபாதைகள். ஒரே தரை, ஒரே அகலம் கொண்ட இரு வழிகளுள் ஒன்றில் ஓட்டலாம், மற்றொன்றில் ஓட்டலாகாது என்ற நிலை பல இடங்களில் உள்ளது. வழியின் இன்றைய தோற்றத்தை விட, முற்காலத்தில் அது எவ்வாறு பயன்பட்டது என்பதற்கான பதிவே இதைத் தீர்மானிக்கின்றது. ஸ்காட்லாந்தில் நிலைமை வேறு. அங்கு 2003 ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலங்களில் நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் உரிமை அளிக்கின்றது.

அதிகாரபூர்வ வரைபடத்தில் ஏறாத பழைய வழிகளின் நிலை நீண்டகாலமாகச் சர்ச்சைக்கு உரியதாக இருந்துள்ளது. 2000 ஆம் ஆண்டின் நாட்டுப்புற, வழியுரிமைச் சட்டம், 1949 க்கு முற்பட்ட வழிகளைப் பதிவு செய்வதற்கு 2026 ஜனவரி 1 ஐ இறுதி நாளாகக் குறித்தது. இங்கிலாந்தில் இது 2023 இல் 2031 வரை நீட்டிக்கப்பட்டது. 2024 டிசம்பரில் அக்கெடுவையே நீக்கப் போவதாக அரசு அறிவித்தது. பழைய நிலப்படங்களையும் ஊராட்சிப் பதிவேடுகளையும் தேடி, மறந்துபோன குதிரைப் பாதைகளை மீட்கும் பணியில் தன்னார்வலர் பலர் ஈடுபட்டுள்ளனர்.

வழித்தடம்

இப்பகுதியில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால், மிதிவண்டியோட்டிகள் பலர் வின்செஸ்டரில் தொடங்கிக் கிழக்கு நோக்கிச் செல்வர். நடப்போருக்கு எட்டு அல்லது ஒன்பது நாட்கள் தேவைப்படும். மிதிவண்டியில் இரண்டு முதல் நான்கு நாட்களில் முடிப்பது வழக்கம். நல்ல பயிற்சி உடையோர் ஒரே நாளில் முடிப்பதும் உண்டு.

வின்செஸ்டர் முதல் பியூரிட்டன் வரை: பழைய வெசெக்ஸ் அரசின் தலைநகரான வின்செஸ்டரிலிருந்து பாதை வயல்வெளிகளூடாக ஏறிச் செல்கின்றது. மியோன் ஆற்றங்கரையிலுள்ள எக்ஸ்டன் சிற்றூரைக் கடந்து, இரும்புக் காலக் கோட்டை அமைந்த ஓல்டு வின்செஸ்டர் குன்றை அடைகின்றது. பின்னர் பட்ஸர் குன்றில் ஏறி, அதன் அகன்ற புல்வெளிச் சரிவில் இறங்கி, குயீன் எலிசபெத் நாட்டுப்புறப் பூங்காவின் காட்டுக்குள் நுழைகின்றது.

பியூரிட்டன் முதல் ஆம்பர்லி வரை: காடுகள் மிகுந்த பகுதி இது. ஹார்ட்டிங் டவுன் புல்வெளியையும், 'டெவில்ஸ் ஜம்ப்ஸ்' எனப்படும் வெண்கலக் கால ஈமமேடுகளையும் கடந்து செல்கின்றது. பிக்னர் குன்றின் மேல், சிச்செஸ்டரிலிருந்து லண்டனுக்கு உரோமர் அமைத்த ஸ்டேன் தெரு பாதையைக் குறுக்கிடுகின்றது. அதன்பின் அருண் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு நீண்ட இறக்கம் உள்ளது.

ஆம்பர்லி முதல் பைகூம் வரை: ஆற்றிலிருந்து ரேக்கம் குன்றுக்கு ஏறும் ஏற்றம் பாதையின் கடுமையான ஏற்றங்களுள் ஒன்று. தொடர்ந்து சாங்க்டன்பரி ரிங் என்னும் குன்றுக் கோட்டை வருகின்றது. அதன்மேல் 1760 இல் சார்லஸ் கோரிங் என்பவர் நட்ட பீச் மரவட்டத்தின் பெரும்பகுதி 1987 அக்டோபர் பெரும்புயலில் வீழ்ந்தது. பின்னர் மீண்டும் மரங்கள் நடப்பட்டன. அடூர் ஆற்றைக் கடந்தபின் பாதை டிரூலி குன்றில் ஏறி டெவில்ஸ் டைக் என்னும் இடத்தை அடைகின்றது. இது பிரித்தானியாவின் சுண்ணாம்பு நிலங்களில் உள்ள மிகப் பெரிய வறண்ட பள்ளத்தாக்கு ஆகும்.

பைகூம் முதல் அல்ஃபிரிஸ்டன் வரை: 'ஜாக்', 'ஜில்' எனப் பெயர்பெற்ற இரு காற்றாலைகளின் அருகே சென்று, 248 மீட்டர் உயரமான டிட்ச்லிங் பீக்கனை அடைகின்றது. 1994 இல் டூர் டி பிரான்ஸ் பந்தயம் இங்கிலாந்துக்கு வந்தபோது இக்குன்றின் தார்ச்சாலை வழியாகச் சென்றது. முகட்டுக்குத் தெற்கே பேட்சம் அருகில் 'சத்ரி' நினைவிடம் உள்ளது. முதலாம் உலகப் போரில் காயமுற்றுப் பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கியப் படைவீரர் 53 பேர் இங்கு எரியூட்டப்பட்டனர். அவ்விடத்தில் வெண்சலவைக்கல் மண்டபம் அமைக்கப்பட்டு 1921 இல் திறந்துவைக்கப்பட்டது. பாதை மேலும் கிழக்கே சென்று கிரீன்விச் தீர்க்கரேகையைக் கடந்து, சவுத்தீஸ் என்னுமிடத்தில் ஊஸ் ஆற்றைத் தாண்டி, 217 மீட்டர் உயரமான ஃபர்ல் பீக்கன் வழியாக அல்ஃபிரிஸ்டனில் இறங்குகின்றது.

அல்ஃபிரிஸ்டன் முதல் ஈஸ்ட்போர்ன் வரை: இங்கு பாதை இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை குக்மியர் ஆற்றின் கழிமுகத்தை அடைந்து, செவன் சிஸ்டர்ஸ் எனப்படும் வெண்ணிறக் கடற்பாறைகளின் விளிம்பிலும், பிரித்தானியாவின் மிக உயரமான சுண்ணாம்புக் கடற்பாறையான பீச்சி ஹெட் மீதும் செல்கின்றது. பீச்சி ஹெட் 162 மீட்டர் உயரமுடையது. இக்கிளை நடைபாதை ஆதலால் மிதிவண்டிக்கு இடமில்லை. மற்றக் கிளை உள்நாட்டுக் குதிரைப் பாதை. இது விண்டோவர் குன்றில் ஏறி, ஜெவிங்டன் சிற்றூர் வழியாக ஈஸ்ட்போர்னை அடைகின்றது. குன்றின் வடசரிவில் 'வில்மிங்டன் நெடியோன்' எனப்படும், சுமார் 72 மீட்டர் உயரமான மனித உருவம் புல்தரையில் வரையப்பட்டுள்ளது. ஆயினும் முகட்டில் செல்வோருக்கு அது முழுமையாகத் தெரியாது.

கடற்பாறை விளிம்பில் மிதிவண்டி தவிர்க்கப்படுவதற்குச் சட்டமே காரணம் எனினும், நிலத்தின் இயல்பும் அதற்கு ஏற்பவே உள்ளது. சுண்ணாம்புப் பாறையின் அடியை அலைகள் அரிப்பதால் மேற்பகுதி முன்னறிவிப்பின்றி இடிந்து விழுகின்றது. பீச்சி ஹெட் அருகேயுள்ள பெல் டூட் கலங்கரை விளக்கக் கட்டடம், விளிம்பு மிக அருகே நெருங்கிவிட்டதால் 1999 இல் முழுமையாக 17 மீட்டர் உள்நோக்கி நகர்த்தப்பட்டது.

தரையின் தன்மை

பாதையின் பெரும்பகுதி வெண்சுண்ணாம்பு, தீக்கல் கலந்த சரளை, குறும்புல் ஆகியவற்றால் ஆனது. சுண்ணாம்புப் பாறை நீரை உறிஞ்சிக் கீழே விடும் தன்மையுடையது. ஆதலால் முகட்டில் நீர் தேங்குவது குறைவு. ஆனால் மழைக்குப் பின் அதன் மேற்பரப்பு மெல்லிய பசைபோலாகி, சோப்பு தேய்த்த தரை போன்று வழுக்கும். மேற்குப் பகுதியில் சில இடங்களில் சுண்ணாம்பின் மேல் களிமண் படிந்துள்ளதால் குளிர்காலத்தில் சேறு மிகும். கோடையில் இதே சேறு உலர்ந்து, வண்டித் தடங்கள் கல்போல் இறுகிவிடும். அவற்றுள் சக்கரம் சிக்கினால் திசை மாற்றுவது கடினம்.

தீக்கல் என்பது சுண்ணாம்பினுள் உருண்டைகளாகக் காணப்படும் சிலிக்காப் பொருள். உடைந்தால் கத்திபோன்ற கூர்விளிம்பு உண்டாகும். கற்கால மனிதர் கருவி செய்யப் பயன்படுத்திய இக்கற்களே இன்று டயர்களைக் கிழிக்கும் முதன்மைக் காரணமாக உள்ளன.

ஏற்ற மிதிவண்டி

சரளைப்பாதை மிதிவண்டி, சாலை மிதிவண்டியைப் போன்ற வளைந்த கைப்பிடியும், மலை மிதிவண்டியை நெருங்கும் அகன்ற டயர்களும் கொண்டது. கரடான வழிகளில் மிதிவண்டி ஓட்டும் பழக்கம் புதியதன்று. அதற்கென இங்கிலாந்தில் 'ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்' என்னும் சங்கம் 1955 இலேயே அமைக்கப்பட்டது. எனினும் இதற்கெனத் தனி வகை மிதிவண்டி பெருமளவில் விற்பனைக்கு வந்தது 2010 களிலேயே ஆகும். இதற்கான முதலாவது உலகப் போட்டியை உலக மிதிவண்டி ஒன்றியம் 2022 இல் இத்தாலியின் வெனெட்டோ மாநிலத்தில் நடத்தியது.

இப்பாதைக்கு 40 முதல் 50 மில்லிமீட்டர் அகல டயர்கள் ஏற்றவை. அகன்ற டயரில் காற்றழுத்தத்தைக் குறைத்து வைக்கலாம். அவ்வாறு வைக்கும்போது டயர் கல்லின் மேல் துள்ளாமல் அதன் வடிவத்துக்கேற்ப அமுங்கிக் கொடுக்கின்றது. இதனால் பிடிமானம் கூடுகின்றது. ஓட்டுபவரின் கைகளுக்கு வரும் அதிர்வும் குறைகின்றது. உள்ளே டியூப் இருப்பின், குறைந்த அழுத்தத்தில் டியூப் கல்லுக்கும் சக்கர விளிம்புக்கும் இடையே நசுங்கிப் பஞ்சர் ஆகக் கூடும். எனவே பலர் டியூப் இல்லா டயர்களைப் பயன்படுத்துகின்றனர். அவற்றினுள் ஊற்றப்படும் இரப்பர்ப்பால் கலந்த திரவம் சிறு துளைகளைத் தானே அடைத்துவிடும். தீக்கல் உண்டாக்கும் பெருங்கிழிசலுக்கு இது போதாது என்பதால், அடைப்புத் துண்டுகளும் ஒரு மாற்று டியூப்பும் உடன் கொண்டு செல்லப்படுகின்றன.

சரிவுகள் செங்குத்தாகவும் தரை உருளும் கற்களாகவும் இருப்பதால், எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் சுழன்று நழுவும். இருக்கையில் அமர்ந்தபடியே மெதுவாக மிதிக்க வேண்டியிருப்பதால் மிகத் தாழ்ந்த கியர் தேவைப்படுகின்றது. இறக்கங்களில் ஈரத்திலும் நம்பத்தக்க டிஸ்க் பிரேக்குகள் பயன்படுகின்றன. சட்ட வரம்புக்கு உட்பட்ட, அதாவது மிதிக்கும்போது மட்டும் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை உதவும் 250 வாட் மின்மிதிவண்டிகளும் குதிரைப் பாதைகளில் அனுமதிக்கப்படுகின்றன.

நீரும் போக்குவரத்தும்

மழைநீர் பாறையினூடே இறங்கிவிடுவதால் முகட்டில் ஓடைகளோ ஊற்றுகளோ இல்லை. முற்காலத்தில் ஆயர்கள் களிமண் பூசிய குட்டைகளை அமைத்து ஆடுகளுக்கு நீர் தேக்கினர். 'பனிக்குட்டை' எனப்படும் இவற்றுட் சில இன்றும் உள்ளன. இவற்றில் நிரம்புவது பெரும்பாலும் மழைநீரே. ஊர்கள் பலவும் ஊற்றுகள் வெளிப்படும் குன்றடியிலேயே அமைந்துள்ளன. எனவே உணவுக்கோ தங்குவதற்கோ ஊருக்குள் சென்றால், மீண்டும் நூறு மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்கும். பாதையோரத்தில் சில இடங்களில் குடிநீர்க் குழாய்கள் அமைக்கப்பட்டுள்ளன. வின்செஸ்டர், ஆம்பர்லி, சவுத்தீஸ், ஈஸ்ட்போர்ன் ஆகிய இடங்களில் தொடருந்து நிலையங்கள் உள்ளதால், பாதையைப் பகுதி பகுதியாகவும் முடிக்கலாம்.

இயற்கைச் சூழலும் பாதுகாப்பும்

பல நூற்றாண்டு ஆட்டு மேய்ச்சலால் உருவான சுண்ணாம்புப் புல்வெளி, ஐரோப்பாவின் செடிவளம் மிக்க வாழிடங்களுள் ஒன்று. ஒரு சதுர மீட்டரில் 40 செடியினங்கள் வரை காணப்படலாம். அடோனிஸ் நீலம், சாக்ஹில் நீலம் முதலிய வண்ணத்துப்பூச்சிகளும் வானம்பாடிகளும் இங்கு வாழ்கின்றன. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் அதன் பின்னரும் உணவு உற்பத்திக்காகப் பெருமளவு புல்வெளி உழப்பட்டதால், இன்று எஞ்சியிருப்பது சிறு பகுதியே. உழ முடியாத செங்குத்துச் சரிவுகளிலேயே அது பெரும்பாலும் தப்பியுள்ளது.

இப்புல்வெளியில் மண்ணின் கனம் மிகக் குறைவு. ஈரமான இறக்கத்தில் பின்சக்கரத்தை முழுதும் நிறுத்திச் சறுக்கினால், புல்வேர் அறுந்து கோடு விழும். அடுத்த மழையில் நீர் அக்கோட்டின் வழியே ஓடி அதை வாய்க்கால் ஆக்கும். வாய்க்காலைத் தவிர்க்க விரும்புவோர் அதன் ஓரத்தில் செல்வதால், பாதை ஆண்டுதோறும் அகன்று புல்வெளியை விழுங்குகின்றது. நடப்போரின் காலடிகளும் குதிரைக் குளம்புகளும் இவ்வகையில் பங்கு வகிக்கின்றன. எனவே வழியின் நடுவிலேயே செல்லுதல், இறக்கத்தில் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தல், மிக ஈரமான நாட்களைத் தவிர்த்தல் ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன.

மேய்ச்சல் நிலங்களின் எல்லையில் உள்ள கதவுகளைக் கண்டபடியே, அதாவது திறந்திருந்தால் திறந்தும் மூடியிருந்தால் மூடியும், விட்டுச்செல்வது வழக்கு. குதிரைகளைப் பின்புறமாக அணுகும்போது தொலைவிலிருந்தே குரல் கொடுக்க வேண்டும். ஓசையின்றித் திடீரென வரும் மிதிவண்டியைக் கண்டு குதிரை மிரண்டால், அதன்மேல் இருப்பவர் கீழே விழ நேரிடும்.

தொடர்புடைய வழிகள்

2020 இல் சைக்கிளிங் யூகே என்னும் அமைப்பு 'கிங் ஆல்ஃபிரட்ஸ் வே' என்ற சுமார் 350 கிலோமீட்டர் நீளமான சுற்றுவழியை அறிமுகப்படுத்தியது. வின்செஸ்டரில் தொடங்கி அங்கேயே முடியும் இவ்வழி, ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி ஆகிய தொல்லிடங்களைக் கடந்து ரிட்ஜ்வே பாதையில் கிழக்கே சென்று, திரும்பும்போது சவுத் டவுன்ஸ் வேயின் மேற்குப் பகுதியைப் பயன்படுத்துகின்றது. கார்ன்வால் தீபகற்பத்தின் கடலோரத்தில் செல்லும் 'வெஸ்ட் கெர்னோ வே' 2021 இல் அறிமுகமானது. கென்ட் மாவட்டத்தின் 'கான்டீ வே', நார்ஃபோக் மாவட்டத்தின் 'ரிபெலியன் வே' ஆகியவை 2022 இல் தொடர்ந்தன. இவற்றுள் எதுவும் புதிதாக வெட்டப்பட்ட சாலை அன்று. ஏற்கனவே பொதுவுரிமை உள்ள குதிரைப் பாதைகளையும் அமைதியான சிறுசாலைகளையும் இணைத்தே இவை உருவாக்கப்பட்டன. இடையில் ஒரு துண்டு வழி நடைபாதையாக மட்டும் பதிவாகியிருந்தாலும் மிதிவண்டிக்கான தடம் அங்கு அறுபட்டுவிடும் என்பதால், பழைய வழிகளின் பதிவு இத்தகைய தடங்களுக்கு அடிப்படையாக உள்ளது.